ஸ்டூடியோ அக்காவின் பழைய நம்பர்

என் போனில் ஸ்டூடியோ அக்கா ஒரு ஆளாக இல்லை. 'ஸ்டூடியோ அக்கா' என்று ஒரு பெயர். அதற்குக் கீழே 'ஸ்டூடியோ அக்கா புதுசு'. அதற்கும் கீழே 'ஸ்டூடியோ அக்கா இதுதான்', 'ஸ்டூடியோ அக்கா எடுக்க மாட்டாங்க', 'ஸ்டூடியோ அக்கா பழசு', 'ஸ்டூடியோ அக்கா இப்ப'. அந்த 'இப்ப'வும் இப்போது வேலை செய்வதில்லை. அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை விரலை வைத்திருக்கிறேன், மனம் வரவில்லை.

பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடை விரித்து சிம் கார்ட் விற்கும் பிள்ளைகளைத் தாண்டி அவரால் வெறுங்கையோடு வர முடியாது. "பாவம்டி, வெயில்ல நிக்குதுங்க. ஒன்னு வாங்கினா கொறஞ்சா போயிருவோம்?" என்பார். வாங்கியதைப் பையில் போட்டு வைத்தாலாவது பரவாயில்லை. அன்றைக்கே பழையதைக் கழற்றி எங்கேயோ வீசிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்வார். மறுநாள் நாங்கள் பழைய நம்பருக்கு எடுத்தால், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மும்மொழியிலும் சொல்லும்.

"என்னாங்கக்கா, ஒரு வார்த்த சொல்லாம மாத்திட்டீங்களே?"

"நம்பரு போனா போவுது. நான் எங்கடி போனேன்? மெயில போட வேண்டியதுதானே?"

ஒரு பிளேன்டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்க உலகத்தில் யாராவது மெயில் போடுவார்களா? நான் போட்டிருக்கிறேன். அதுவும் பக்கத்துக் கடையில் இருந்துகொண்டு. அப்போது நான் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றேன். அக்கா வேலை செய்த போட்டோ ஸ்டூடியோவுக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். மெயிலைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்தே "வாறேன்டி" என்று கத்துவார். அது போதாதென்று பதில் மெயில் வேறு வந்து சேரும்.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அக்கா வத்தளைப் பக்கம் மகனோடு போய்விட்டார்.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு அந்த ஸ்டூடியோவுக்குத்தான் வருவார்கள். முதலாளி படம் எடுப்பார். படம் பிரிண்ட் ஆகி வரும்வரை அக்காவின் ராச்சியம். முகம் கழுவி, பவுடர் போட்டு, இரவல் கோட் மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"பேரு இருக்கா?"

பிள்ளை தன் பெயரைச் சொல்லும். "அது அம்மா அப்பா வச்சது. வெளிய போறவளுக்கு வெளியில உள்ள பேரு ஒன்னு வேணும்" என்று சொல்லி, கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போடுவார். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு மெயில் முகவரி திறக்காமல் விடமாட்டார். இதற்குக் காசு கிடையாது. முதலாளிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசுகிற துணிச்சல் அவருக்கு இருக்கவில்லை.

பெயர் தேர்வுதான் பெரிய கூத்து. எங்கள் பக்கத்தில் மேரியும் அந்தோணியும் மலிந்து கிடக்கிறார்கள். எதைப் போட்டாலும் அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று வரும். கம்ப்யூட்டர் தானாகவே பெயருக்குப் பின்னால் நாலு இலக்கம் சேர்த்து இது ஓகேயா என்று கேட்கும். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இலக்கம் மட்டும் கூடவே கூடாது. தகப்பன் பெயரைச் சேர்ப்பார், தோட்டத்தின் பெயரைச் சேர்ப்பார். ஒரு பையனுக்கு எதுவும் அமையாமல் அவன் வீட்டு நாயின் பெயரைச் சேர்த்தார். அவன் இன்றைக்கும் அந்த முகவரியிலிருந்துதான் பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் எழுதுகிறான்.

"நம்பர் மேல ஏன்க்கா இவ்வளவு காண்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மா கொழுந்து நிறுக்கப் போனா பேரையா கேப்பாங்க? நம்பரத்தான் கேப்பாங்க. எங்கம்மாவும் நம்பரத்தான் சொல்லும். அது செத்தப் பொறவு அதே நம்பர வேறொருத்திக்குக் குடுத்துட்டாங்கடி. நான் நிறுவைப் பக்கம் போறப்ப அவ அந்த நம்பரச் சொல்றா, நான் அப்படியே திரும்பி வந்துட்டேன்."

அதைச் சொன்ன மறுநிமிடமே சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அதிகநேரம் கவலையாக இருக்க அவருக்குத் தெரியாது.

அவர் சொன்னதில் எனக்கும் ஒரு நியாயம் பட்டது. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவின் போன். என் நம்பர் என்று நான் கொடுத்ததெல்லாம் அப்பாவின் நம்பர்தான். கூடப் படித்த ஒருத்தி எனக்கு அனுப்பிய மெசேஜை, அவளுடைய காதல் கதை முழுவதையும், அப்பா குழாயடியில் நின்று சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் என்னிடம் தந்தார். கல்யாணம் முடித்தால் அது புருஷனின் நம்பராக மாறும். அக்கா திறந்துகொடுத்த மெயில்தான் நான் மட்டும் திறக்கிற முதல் கதவு. அதில் முதல் இரண்டு மாதம் அக்காவின் மெயிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடவுச்சொல் போடுகிற நேரம் வந்தால் அக்கா கதிரையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்குகிற நீர்வீழ்ச்சிப் படத்தைப் பார்த்தபடி கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். "போட்டாச்சா? போட்டாச்சா?" என்று நடுவில் கேட்பார். அது முடிந்ததும், கணக்கு பூட்டுப்பட்டால் மீட்க இன்னொருவருடைய முகவரி கொடு என்று கம்ப்யூட்டர் கேட்கும். அங்கே தன்னுடைய முகவரியைத் தட்டிவிடுவார்.

"ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் ஒருத்தி நிக்கிறாள்ல, இது அதுதான். பெத்தவங்களால முடியாமப் போனா ஒன்னய நான் தூக்கிவிடணும். வெளங்குதா?"

விளங்காதவர்களும் தலையாட்டுவார்கள். இப்படியே பதுளையிலிருந்து தெமோதரை வரைக்கும் உள்ள தோட்டங்களில் அவருக்கு ஞானப்பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இந்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் ஞானத்தாய்தான். அவர்களும் அதை மறுத்ததில்லை.

இதில் ஒரு பக்கவிளைவு இருந்தது. யாராவது ஒரு பிள்ளை புது போனில், புது ஊரில் மெயிலைத் திறந்தால் அக்காவுக்கும் ஒரு எச்சரிக்கை வரும். சில சமயம் எந்த ஊர் என்பதும் தெரியும். அவரோ அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, தபாலாகவே எடுத்துக்கொண்டார். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றுகொண்டு, "ஒம்மவன் தோஹாவுல எறங்கிட்டான்", "ஒங்க மருமவ குவைத்துல புது போன் வாங்கிருக்கா" என்று தாய்மார்களுக்குச் செய்தி வாசிப்பார். பிள்ளை அழைத்துச் சொல்வதற்கு முன்பே தாய்க்குத் தெரிந்திருக்கும்.

அப்படித்தான் ஒருநாள் ஒரு பெண்ணிடம், "ஒங்க வீட்டுக்காரரு நுவரெலியாவுல நல்லபடியா இருக்காரு" என்றார். அந்த ஆள் கொழும்பில் வேலை என்று சொல்லிப் போனவர். வேலை போய்விட்டதை மறைத்து, நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோயில் வாசலே சந்தை ஆகிவிட்டது. பங்குச் சுவாமி அக்காவைக் கூப்பிட்டு, "ஞானத்தாய்னா புள்ளயப் பாத்துக்கணும்மா, பின்னாலயே போவக் கூடாது" என்று சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து அக்கா ஊர்ப் பெயரை விட்டுவிட்டார். யார் கேட்டாலும் "நல்லா இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதைச் சொல்லும்போது வாய்க்குள் ஊர்ப் பெயர் துடிப்பது எங்களுக்குத் தெரியும்.

இப்படி எல்லாருக்கும் ஞானத்தாயாக நின்ற மனுஷி, தன் கணக்குக்கு ஒருவரையும் வைத்திருக்கவில்லை என்பது ரீட்டாவின் விஷயத்தில்தான் வெளியே வந்தது.

ரீட்டா என் தங்கச்சி. மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டுக் கொடுமையைச் சொல்லி இந்தக் கதையைக் கெடுக்க விருப்பமில்லை. ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அவளே முயற்சி செய்து, ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை தேடிக்கொண்டாள். ஏற்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் மெயிலில் பதில் போட வேண்டும். போடாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. இவள் திரும்பவும் அந்த வீட்டுக்கே போக வேண்டியதுதான். அங்கே ஞாயிறு வேலை நாள்.

சனிக்கிழமை அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போனும் சிம்மும் அவர்கள் கொடுத்தது. அவர்கள் பெயரில் உள்ள நம்பர். அவர்களுடைய பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பேச ஒன்றுமில்லை. ரீட்டா ஒரு சிநேகிதியின் போனில் தன் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். புது போன் என்பதால், உன் மீட்பு முகவரிக்கு ஒரு ரகசிய இலக்கம், ஒரு கோட், அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல் என்றது. மீட்பு முகவரி யாருடையது? ஸ்டூடியோ அக்காவுடையது.

"ஸ்டூடியோ அக்காகிட்ட கேளுங்கக்கா, ஒரே நிமிசம்" என்றாள் ரீட்டா, அந்தச் சிநேகிதியின் போனிலிருந்து. எனக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. சிரித்துக்கொண்டே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன்.

அக்கா சிரிக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் கோயில் பூச்சாடி கழுவும்போது அவர் போன் வாளித் தண்ணீருக்குள் விழுந்து செத்திருந்தது. கடைக் கம்ப்யூட்டரில் நாலு பேர் உட்காருவார்கள் என்று அதில் தன் மெயிலை அவர் திறந்து வைப்பதில்லை. புது போனில் திறக்கப் போனால், 47 என்று முடிகிற உங்கள் நம்பருக்கு கோட் அனுப்பட்டுமா என்று கேட்கிறது. கணக்குத் திறந்த காலத்தில் போனில் கிடந்த ஏதோ ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் மறந்துபோயிருந்தார்.

"47 எந்த நம்பர்க்கா?"

"எனக்கு என்னாடி தெரியும்? நம்பரெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

நான்தான் வைத்திருந்தேன். என் போனில் வரிசையாகப் பார்த்தேன். 'ஸ்டூடியோ அக்கா பழசு', கடைசி இரண்டு இலக்கம் 47. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நம்பருக்கு எடுத்தேன். கம்பெனிக்காரன் அதை எப்போதோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு சிங்கள மனுஷர் பேசினார்.

"அக்கா இல்லே. நான் பழக்கடை. பெரகல சந்தி."

நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அக்கா இல்லை என்று அவர் சொன்னதைக் கவனிக்கக்கூட எங்களுக்குப் பொறுமை இல்லை. விஷயத்தைத் தமிழும் சிங்களமுமாகச் சொல்லி, இப்போது ஒரு கோட் வரும், அதை மட்டும் வாசியுங்கள் முதலாளி என்று கெஞ்சினோம்.

"பே பே, ஏலாது. டீவியிலே சொல்றது, பேங்குலே சொல்றது. கோட் யாருக்கும் குடுக்க வேணாம். நீங்க நல்ல ஆள்தான். ஆனா கள்ளனும் இப்படித்தான் பேசுறது."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. நானாக இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். நேரில் வந்தால் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பூசை முடிந்த கையோடு நானும் அக்காவும் பஸ் ஏறினோம். பண்டாரவளை தாண்டும்வரை அக்கா புது போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். அப்புத்தளையில் மூடுபனிக்குள் பஸ் ஊர்ந்தபோது மெதுவாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஏம் பேர போட்டேன்டி. நான் பூட்டிக்கிட்டா அத்தன பேரும் வெளிய நிக்கணும்ல. இத நான் யோசிக்கவே இல்ல."

"ரீட்டா மட்டும் உள்ள போயிட்டா போதும்க்கா" என்றேன். எனக்கு அப்போது அதற்கு மேல் யாரைப் பற்றியும் நினைக்கத் தெம்பில்லை.

பெரகல சந்தியில் பேரிக்காயும் பட்டர் புரூட்டும் குவித்து வைத்த கடை. முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பளித் தொப்பி போட்டிருந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அக்கா அடையாள அட்டையை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

"இதிலே நம்பர் இல்லேதானே. இந்த நம்பர் உங்க நம்பர்னு எப்படித் தெரியும்?" என்றவர், போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யோசித்தார். "சரி. ஒரு அம்மா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்த நம்பருக்கு எடுக்குது. எடுத்தவொடனே ஒன்னு கேக்கும். என்ன கேக்கும்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "'ஒன்ன அமுக்கினேன், நீதானே?'ன்னு கேக்கும்."

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "ஹரி, சரி! அதுதான், அதுதான்!"

தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் இருக்கிற அந்தோணியம்மா அது. மகன் வெளிநாடு போகும்போது, தாயின் போனில் ஒன்றை அமுக்கினால் ஸ்டூடியோ அக்காவுக்குப் போகிற மாதிரி வைத்துக் கொடுத்திருந்தான். அந்தம்மாவுக்கு அமுக்கத் தெரிந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

மீண்டும் கோட் வரவழைத்தோம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். அக்கா தன் புது போனில் தட்டினார். மெயில் திறந்தது. நான் மஸ்கட்டுக்கு எடுத்து, "இப்ப அனுப்பச் சொல்லு" என்றேன். ரீட்டாவுக்கான கோட் அக்காவின் மெயிலில் வந்து விழுந்தது. அதை நான் வாசித்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லித் தட்டினாள்.

"அக்கா, உள்ள வந்துட்டேன்."

"மொதல்ல பதில போடுடி!"

"போட்டுட்டேன்க்கா." பிறகு அவள் அழத் தொடங்கினாள். நானும் பேரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். முதலாளி எங்களுக்குப் பேரிக்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே, நாளைக்கு வேலைக்கு வா என்று பதில் வந்துவிட்டதாக ரீட்டா மெசேஜ் போட்டாள்.

அக்கா மட்டும் தின்னவில்லை. "அந்தோணியம்மா மட்டுமா எடுக்கும்?" என்று கேட்டார்.

"நெறய பேர்" என்றார் முதலாளி. "மொதல்லே நான் ஏசினது. பொறவு பாவம். எல்லாம் அம்மாதானே. மகன் நல்லா இருக்கா, மகள் நல்லா இருக்கா, அதுதான் கேக்குறது. எனக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கு அம்மா, நல்லா இருக்குன்னு சொல்றது."

"அந்தம்மா என்னய மறந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அக்கா. "இவ்வளவு காலமும் கூப்புட்டுக்கிட்டேதான் இருந்துருக்கா?"

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அந்தம்மாவேதான். முதலாளி போனை அப்படியே அக்காவிடம் நீட்டினார். அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒன்ன அமுக்கினேன், நீதானே?"

"ஆமாம்மா, நான்தாம்மா! ஸ்டூடியோ அக்கா பேசுறேன்!"



"நீ யாரு புள்ள? எப்பயும் பேசுற ஐயா எங்க? அவருகிட்ட குடு."

"அம்மா, நான்தான்..."

"அவருகிட்ட குடும்மா. அவரு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி எங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "நல்லா இருக்கு அம்மா, மகன் நல்லா இருக்கு" என்றார். அந்தப் பக்கம் அந்தோணியம்மா சிரிப்பது கேட்டது.

பதுளை பஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்கா ஏறப் போனவர், மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடியே திரும்பி நின்றார்.

"முதலாளி, அந்த நம்பர மட்டும் மாத்திறாதீங்க."